காலித் தொட்டிக்கு நாற்பது மதிப்பெண்

1

இந்தக் கதை நான்கு வரியில் முடிந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் அண்ணி கேட்டது நான்கு வரிதான். ஒரு படிவத்தில் ஒரு கட்டம். அதன் தலையில் 'மதிப்பீட்டாளர் குறிப்பு' என்று அச்சிட்டிருந்தது, உள்ளே நான்கு கோடுகள். அதை நிரப்பித் தரச் சொன்னார். நான் ஐந்து நாள் இழுத்தடித்துவிட்டு, கட்டத்தை நிரப்பாமல், இதை எழுதத் தொடங்கிவிட்டேன். கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வது என் பிறவிக்குணம் என்று அண்ணன் சொல்வான்.

அண்ணி ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறை ஆசிரியை. பதினாறு வருட சர்வீஸ். துறையின் அங்கீகாரக் கோப்பு அவர் பொறுப்பு. அதை யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்வதில்லை. எந்தக் கூட்டத்துக்கு நாம் போகவில்லையோ அந்தக் கூட்டத்தில் நம் தலையில் கட்டிவிடுவார்கள். அண்ணிக்குப் பல் பிடுங்கிய தினத்தில் கட்டினார்கள்.

நான் பிழைப்புக்கு வீட்டுச் சாதனங்களின் கையேடுகள் எழுதுகிறேன். 'துணிகளைப் போடும் முன் பைகளைச் சோதிக்கவும்' என்பது என் வாக்கியம். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் கையில் போய்ச் சேர்ந்தது அதுதான். கதைகள் மிச்ச நேரத்தில்.

இந்தக் கதைக்கு முதலில் போட்ட தொடக்கம்:

மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கோப்பைத் திறந்தாள். அதற்குள் ஒரு மனிதனின் எதிர்காலம்

[விட்டுவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. அண்ணியை 'அவள்' என்று எழுதக் கையும் வரவில்லை.]

இரண்டாவது:

கூட்டு அங்கீகார ஏற்பாட்டின் நான்காம் விதி திருத்தப்பட்டதை அடுத்து, சம்பந்தப்பட்ட கல்வி நிறுவனங்கள்

[இதையும் விட்டுவிட்டேன். உங்களில் பாதிப் பேர் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவீர்கள்.]

2

ஆனால் அந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் வண்டி நகராது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் பட்டத்தைக் கல்லூரி கொடுத்தால் மட்டும் போதாது. தொழில் சங்கங்கள் வந்து பார்த்து, இந்தப் படிப்பு உருப்படியானதுதான் என்று முத்திரை வைக்க வேண்டும். சிவில் படிப்புக்கு இரண்டு சங்கங்கள். சாலை, பாலம், கால்வாய் என்று எல்லாவற்றையும் பார்ப்பது பெரிய சங்கம். கட்டடம் நிற்குமா விழுமா என்பதை மட்டும் பார்ப்பது சின்னச் சங்கம். கட்டடக் கணக்கில் பொறியாளராகக் கையெழுத்துப் போட வேண்டுமானால் சின்னச் சங்கத்தின் முத்திரையும் வேண்டும். இருபது வருடமாக இரண்டும் கூட்டாகத்தான் வந்தன. ஒரே குழு, ஒரே வருகை, ஒரே கடிதம், அடியில் இரண்டு முத்திரை.

போன வருடம் சின்னச் சங்கம் தனிக்குடித்தனம் போய்விட்டது.*

* இந்த உவமை அண்ணியுடையது. நான் இருப்பது அவர்கள் வீட்டு மாடியில், சாப்பிடுவது கீழே. அவர் இதைச் சொன்னபோது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டாக வந்த காலத்தில் இரண்டு நாள் தங்குவார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று மாணவர்களின் தாள்கட்டு எடுத்துவைக்க வேண்டும். முதல் மதிப்பெண் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசிப் பாஸ் ஒன்று. வந்தவர்கள் முதல் கட்டைத் தொடக்கூட மாட்டார்கள். நேராகக் கடைசிப் பாஸுக்குத்தான் கை போகும். கெட்டிக்காரன் எந்தக் கல்லூரியில் போட்டாலும் தேறிவிடுவான், தட்டுத்தடுமாறித் தேறியவன் என்ன எழுதியிருக்கிறான் என்பதில்தான் படிப்பின் தரம் தெரியும் என்பது அவர்கள் கட்சி. கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு ஆசிரியரைக் கூப்பிட்டு, "இதுக்கு எப்படிம்மா நாப்பது வந்துச்சு?" என்பார்கள். ஆசிரியர் சொல்வார். அவர்கள் மறுப்பார்கள். ஆசிரியர் மறுபடி சொல்வார். பாதி மதிப்பீடு அந்தப் பேச்சில்தான் நடந்தது.

தனியாகப் போன சின்னச் சங்கம் ஆள் அனுப்புவதில்லை. கடைசிப் பாஸ் கட்டை மட்டும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'ஆவணத்தில் இல்லாத எதுவும் கருத்தில் கொள்ளப்படாது.' நானும் கையேட்டில் இப்படி எழுதுகிறவன் என்பதால் அதன் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பிறகுதான் பிடிக்காமல் போனது.

3

இப்போது ஆள் ஒருவர் வர வேண்டும். மாலை வகுப்பில் கடைசிப் பாஸ் வாங்கியவர்.

பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் பத்தொன்பது பேர் வகுப்பில் மற்ற பதினெட்டுப் பேருக்கும் அவர் பெரியப்பாதான், எல்லோருக்கும் மூத்தவர் என்பதால். நாற்பத்து நான்கு வயது. நகராட்சி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படவரைவாளர். பள்ளி, மருந்தகம், கழிப்பிடம் என்று அந்த ஊர் நகராட்சிக் கட்டடம் எதுவானாலும் அதன் கோடு அவர் போட்டது. கையெழுத்து மட்டும் வேறு யாராவது பொறியாளர் போடுவார். நாலு வருடம், வேலை முடிந்ததும் வகுப்பு, அதற்குப் பிறகு வீடு என்று படித்து முடித்தார். அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் இடம் ஒன்று அவருக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது முத்திரை வந்தால் அவருக்கு, வராவிட்டால் வேறு யாருக்கோ.

அவருடைய வடிவமைப்புத் திட்ட அறிக்கைதான் துறையின் கடைசிப் பாஸ். இரண்டு மாடிக் கட்டடம், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் பன்னிரண்டாம் பக்கத்தில் தூண்கள் தாங்க வேண்டிய எடையைக் கூட்டியிருக்கிறார். தளம், சுவர், உத்திரம், தொட்டியின் சிமெண்டு, எல்லாம் இருக்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் இல்லை. காலித் தொட்டிக்குத் தூண் போட்டிருக்கிறார்.

அண்ணி இதைச் சாப்பாட்டு மேஜையில் என்னிடம் காட்டினார்.

"இதுக்குப் போயி பாஸ் போட்டீங்களா?"

"ரிப்போர்ட்டோட நின்னிருந்தா முப்பத்தெட்டுதான், ஃபெயில். வைவால ரெண்டு வந்துச்சு. அறிக்கைய அவரே ஒவ்வொரு பக்கமா திருப்பிக் காட்டிட்டு வந்தாரு. பன்னெண்டாம் பக்கத்துல நின்னுட்டாரு. 'மேடம், தொட்டிய காலியா வெச்சே கணக்குப் போட்டுட்டேன்'னாரு. அவரே எந்திரிச்சு போர்டுக்குப் போயி மறுபடி போட்டாரு. தூண் பத்தாது, பெருசாக்கணும்னு அவரே சொன்னாரு. தன் தப்ப தானே கண்டுபுடிக்கறவனுக்கு ரெண்டு மார்க் போடாம வேற யாருக்குப் போடறது?"

"அதை எழுதி வைக்கலையா?"

"எதுக்கு? அவங்கதான் வந்து கேப்பாங்களே, சொல்லிக்கலாம்னு இருப்போம். பதினாறு வருஷத்துல ஒருத்தரும் அந்தக் கட்டத்துல எழுதினதில்ல தம்பி. எங்க டிபார்ட்மென்ட் பூரா வெள்ளையாத்தான் இருக்கு."

கரும்பலகையை அன்றைக்கே துடைத்தாயிற்று. இப்போது காகிதத்தில் இருப்பது ஒரு காலித் தொட்டி, ஒல்லியான தூண், நாற்பது மதிப்பெண். கேள்வி கேட்க ஆள் வராத இடத்தில் இந்த மூன்றும் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்லும். பத்தொன்பது பேரின் முத்திரையும் அதோடு போகும்.

"ரெண்டு வருஷம் முந்தின தேதியப் போட்டு நாலு வரி எழுதணும். பொய்யில்ல, நடந்ததுதான். நான் எழுதினா இன்னைக்கு எழுதினதுன்னு பாத்தாலே தெரிஞ்சுரும். நீ எழுதினா அப்பவே எழுதின மாதிரி இருக்கும்."

இது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

4

எழுதிப் பார்த்தேன். முதல் வரைவு:

மாணவர் தம் பிழையைத் தாமே உணர்ந்து, மனம் கலங்கினாலும் தளராது

"மனம் கலங்கினதுக்கு மார்க் கெடையாது" என்றார் அண்ணி.

இரண்டாவது வரைவு:

ப. 12: தொட்டி எடையில் நீர் சேர்க்கப்படவில்லை. வைவாவில் மாணவர் இதைத் தாமே சுட்டிக்காட்டி, பலகையில் மறுபடி கணக்கிட்டார். தூண் அளவு போதாது என்ற முடிவு சரி. +2.

இது நன்றாக வந்துவிட்டது. அந்த '+2' எனக்கே மிகவும் பிடித்திருந்தது. அவசரத்தில் எழுதியதுபோல 'ப.' என்று சுருக்கியிருப்பதைக் கவனியுங்கள். தீரும் நிலையில் இருந்த ஒரு பேனாவைக்கூடத் தேடி எடுத்துவைத்தேன். கட்டத்தில் எழுதி, அடியில் தேதி போட வேண்டியதுதான் பாக்கி. கை அங்கே நின்றுவிட்டது.

எனக்கே ஆச்சரியம். இல்லாத தேதி போடுவதுதான் என் தொழில். நேற்று நடந்ததைப் பத்து வருடம் முந்தி நடந்ததாக எழுதியிருக்கிறேன், நடக்காததை நடந்ததாக எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஏனென்றால் கதையில் நமக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நான் கதை விடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதுவும் ஒரு கூட்டு ஏற்பாடுதான். அந்த நான்கு கோடுகளைப் படிக்கப்போகிறவரோடு எனக்கு அப்படி எதுவும் கிடையாது.

"நடந்தத எழுதறதுக்கு என்னடா இவ்வளவு யோசனை?" என்றான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நடந்ததா என்பதுதான் யோசனை. நான் அண்ணியைச் சந்தேகப்படவில்லை. அவர் சொன்ன காட்சியைத்தான் சந்தேகப்பட்டேன். மனிதர் பக்கத்தைத் திருப்புகிறார், நிற்கிறார், தன் தப்பைத் தானே பார்க்கிறார், எழுந்து போய்த் திருத்துகிறார். இப்படி ஒரு காட்சியை யாராவது கதையில் எழுதிக்கொண்டுவந்தால், ரொம்ப வசதியாக இருக்கிறதே ஐயா, கொஞ்சம் தடுக்கி விழட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன். பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் பொதுவாக அவரை அடித்துவிட்டு வேறு ஆள் போடுவேன். இவரை அடிக்க முடியாது. ஆகவே போய்ப் பார்த்தேன்.

[விட்ட வாக்கியங்களை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். இந்தக் கதையின் கடைசிப் பாஸ் கட்டு அவைதான். அதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.]

5

நகராட்சிப் படவரைவுப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. ஒரு பக்கம் பழைய சாய்வு மேஜைகள் மூன்று, அவற்றின் மேல் இப்போது கோப்புகளும் ஒரு மின்விசிறியின் கழற்றிய இறக்கைகளும். மறுபக்கம் கணினிகள். படம் அச்சடிக்கும் பெரிய எந்திரம் முக்கிமுக்கி ஒரு தாளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பெரியப்பா அதை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, மேஜையில் விரித்து, நாலு முனையிலும் நாலு கனமான பொருளை வைத்தார். ஒன்று பேப்பர்வெயிட், ஒன்று ஸ்டேப்ளர், மற்ற இரண்டும் அவருடைய சாப்பாட்டு டப்பாவின் தட்டுகள்.

அண்ணியின் கொழுந்தன் என்று சொன்னேன். கதை எழுதுகிறேன், உங்களை மாதிரி ஒருத்தர் வருகிறார் என்றும் சொன்னேன்.

"என்ன மாதிரி ஆளு கதைல வந்து என்ன பண்ணப் போறாரு? கோடு போடுவாரு."

தாளின் வலது அடியில் கையெழுத்துக் கட்டம். வரைந்தவர் என்ற இடத்தில் அவருடைய சுருக்கொப்பம். ஒப்புதல் என்ற இடம் காலி. அதில் போட மதியம் ஒரு பையன் வருவார் என்றார். இருபத்தேழு வயதுப் பொறியாளர். 'பையன்', 'வருவார்' இரண்டையும் சேர்த்தே சொன்னார், கிண்டல் இல்லாமல்.

தொட்டியைப் பற்றி நான் கேட்காமலேயே அவர் பேச்சை எடுத்துவிட்டார்.

"மேடம் சொல்லியிருப்பாங்களே. அது ஏன் அப்படி ஆச்சுன்னா, படத்துல தொட்டின்னா நாலு கோடு. உள்ள தண்ணிய யாரும் வரையறதில்ல. இருபத்திரண்டு வருஷமா வரையாத ஒன்னு கணக்குல மட்டும் எப்படிங்க வந்து நிக்கும்?"

அலமாரியிலிருந்து சமீபத்திய படங்கள் சிலவற்றை எடுத்துக் காட்டினார். எல்லாத் தொட்டிகளுக்குள்ளும் விளிம்புக்குச் சற்றுக் கீழே நீல நிறத்தில் விட்டுவிட்டு இழுத்த ஒரு கோடு. தண்ணீர் மட்டம். பொறியாளர் இது எதற்கு என்று கேட்டாராம். சும்மா இருக்கட்டும் சார் என்று இவர் சொன்னாராம்.

"அன்னைக்கு வைவால நீங்களே கண்டுபுடிச்சீங்களாம்?"

அவர் ஸ்டேப்ளரை எடுத்து வேறு முனையில் வைத்தார்.

"மேடம்தாங்க காட்டிக் குடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வாயே தொறக்கல. பன்னெண்டாம் பக்கம் வந்ததும் பேனாவ அந்த வரில வெச்சுட்டு சும்மா இருந்தாங்க. நான் மேல பாத்தேன், கீழ பாத்தேன். ஒன்னும் தெரியல. பேனா நகரல. ரொம்ப நேரங்க. அப்பறம்தான் கண்ணுல பட்டுச்சு. அவங்க பேனாவ எடுத்திருந்தா நானும் பக்கத்தத் திருப்பியிருப்பேன்."

"நீங்களா நின்னு சொன்னதாத்தான் அவங்க சொல்றாங்க."

"அப்படித்தான் சொல்லுவாங்க. நல்ல மனசு." தாளின் முனையை நீவிவிட்டுச் சொன்னார்: "நீங்க அவங்க சொன்ன மாதிரியே எழுதிக்கோங்க. எனக்கும் அதுதானே நல்லது."

 அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை.

6

இனி முடிவுகள். கையில் மூன்று இருந்தன.

முதல் முடிவு: அண்ணியிடம் எதையும் சொல்லாமல், என் இரண்டாவது வரைவைக் கட்டத்தில் எழுதி, பழைய தேதி போட்டுக் கொடுத்துவிடுகிறேன். முத்திரை வருகிறது. கொஞ்ச நாளில் எல்லோரும் அதையே நம்பிவிடுகிறோம், பெரியப்பா உட்பட.

இரண்டாவது: துறைத் தலைவர் அண்ணியிடம் சொன்ன யோசனை. கடைசிப் பாஸை எடுத்துவிட்டு, நாற்பத்தொன்று வாங்கியவரின் கட்டை வைப்பது. "ஒரு மார்க் வித்தியாசம், யாருக்குத் தெரியப்போகுது?"

மூன்றாவது: வருடங்கள் கழித்து ஒரு கட்டடத்தில் இரவு

[இது வேண்டாம். கதை நகராவிட்டால் கட்டடத்தைச் சாய்ப்பது என்னைப் போன்றவர்களுக்குக் கைவந்த கலை. அந்த மனிதரின் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அப்படி எழுதினால் என் கை அழுகிப்போகும்.]

நான் செய்தது இந்த மூன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம், ஏற்றுவதற்கான கெடு முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது, கல்லூரிக்கே போய் அண்ணியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் அறையில் ஸ்கேனர் சூடாகிக்கொண்டிருந்தது.

"பேனாவ வெச்சேனா?" என்றார்.

கட்டைப் பிரித்துப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தார். பேனாவை அந்த வரியில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"படிக்கும்போது எங்கயாவது ஒரு எடத்துல பேனாவ வெச்சுக்கறது எனக்குப் பழக்கம். அது காட்டிக் குடுத்ததுன்னு ஆயிடுமா?"

"தெரியல அண்ணி."

"அப்ப நான் சும்மாவா ரெண்டு மார்க் போட்டேன்?"

"தெரியல அண்ணி."

அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவருக்கு வந்தது கோபம். "நாலு வரி எழுதிக் குடுன்னா, விசாரணைக் கமிஷன் வெச்சுட்டு வந்து நிக்கற" என்றார். அதில் நியாயம் இருந்தது.

கட்டத்தை வெள்ளையாகவே விட்டு ஸ்கேன் செய்தார். பிறகு ஒரு தனித் தாளை எடுத்து, தலையில் அன்றைய தேதியைப் போட்டு, தன் கையாலேயே எழுதினார்: வைவா நடந்தபோது குறிப்பு எழுதவில்லை, அது என் தவறு. மாணவர் பிழையைத் தாமே கண்டார் என்பது என் நினைவு. நான் பேனாவை வைத்துக் காட்டிய பிறகே கண்டதாக மாணவர் சொல்கிறார். மறுகணக்கைப் பலகையில் அவர் தனியாகவே செய்தார், அது சரியாக இருந்தது. இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஏற்றும் முன் பெரியப்பாவுக்குப் போன் செய்து, எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினார்.  எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"முத்திரை போனா உங்களுக்கும்தான் போகும். சொல்லாம அனுப்பக் கூடாதுன்னு கூப்பிட்டேன்" என்றார் அண்ணி.

"சரிங்க மேடம்." பிறகு: "அதுல ஒன்னு சேத்துருங்க. 'ரொம்ப நேரம் கழிச்சு'ன்னு. சட்டுனு கண்டுபுடிச்ச மாதிரி இருக்குது."

அண்ணி அதைச் சேர்த்தார். 'நீண்ட நேரத்துக்குப் பிறகு.' ஒன்பது வரி ஆகிவிட்டது. இணையப் பக்கத்தில் அந்தத் தாளுக்கென்று இடம் இல்லை. 'பிற' என்ற ஒரு தலைப்பில் ஏற்றினார். 'பிற'வை யாரும் திறக்கிறார்களா என்று தெரியாது. துறைத் தலைவர் அன்றிலிருந்து அண்ணியோடு படிக்கட்டில்கூடப் பேசுவதில்லை.*

* இதுவரை படித்த அண்ணி சொன்னது: "பேசறாரு. காரியத்துக்கு மட்டும்."

7

அறுபது வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்றார்கள். இன்று நாற்பத்தொன்றாவது நாள். உதவிப் பொறியாளர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மதியங்களில் அந்த இருபத்தேழு வயதுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

பதில் வரும்வரை பொறுத்திருந்து, அதைக் கடைசிப் பத்தியாக ஒட்டியிருக்கலாம். வேண்டாம் என்று முடிவு செய்தேன். சின்னச் சங்கத்தில் உட்கார்ந்து படிக்கப்போகிறவருக்கு என்னென்ன தெரியுமோ அவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அவரைப் போலவே நீங்களும் வரப்போவதில்லை. எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் உங்களால் முடியாது. பேனா அந்த வரியில் காட்டுவதற்காக நின்றதா, சும்மா நின்றதா என்று கேட்டாலும் இங்கே யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் பக்கமும் 'பிற'வும் உங்கள் கையில் இருக்கின்றன. முப்பத்தெட்டா, நாற்பதா? பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள். எதைப் போட்டாலும், ஏன் போட்டீர்கள் என்று நான்கு வரி எழுதிவிடுங்கள். தேதி மட்டும் இன்றையதாக இருக்கட்டும்.